கண்ணனுக்கு முன்னால் வந்த ஜீப்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மணி உங்கள் கையில் இருப்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

'கிராமியக் கலைகளைப் பெரிதும் முடக்குவது அனுமதிச் சட்டங்களா, ரசனை மாற்றமா?' சட்டங்களே என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், "ஒழுங்காக ஆடுகிறவனுக்குப் போலீஸ் அனுமதி கேட்க என்ன தயக்கம்? மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அண்ணே, கரகம் ஆடுகிறவருக்குக் கனம் மடியில் இல்லை, தலையில் இருக்கிறது! அந்தக் கனத்தோடு குனிந்து தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுக்கிறார். அப்படிப்பட்டவருக்கா வழியில் பயம்?

அப்புறம், மனு கொடுப்பது ஆடுகிறவரே இல்லை, விழாக்குழு. புதுத் தலைவருக்கும் பழைய தலைவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றால் 'சட்டம் ஒழுங்கு' என்று மனு திரும்பி வரும். இவர்கள் இருவரும் முறைத்துக்கொண்டதற்குக் கரகம் என்னங்க செய்யும்?

செஞ்சிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. பாரதக் கூத்து. கூத்து எப்போது தொடங்கும்? ஊர் சாப்பிட்டு, பாய் விரித்து உட்கார்ந்த பிறகு. எப்போது முடியும்? விடியும்போது. ஆனால் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் என்ன சொல்கின்றன? இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்காகத் தளர்த்தினாலும் நள்ளிரவு 12 வரைதான், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. நம் பாஞ்சாலி திரைக்கு வெளியே வரும்போதே மணி ஒன்று!

அன்றைக்குத் துகிலுரிதல். துச்சாதனன் சேலையைப் பிடித்துவிட்டான். பாஞ்சாலி இரண்டு கையையும் தூக்கி "கண்ணா!" என்கிறாள். அந்த நேரம் பார்த்து ஒரு வெளிச்சம். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பார்த்தால் ஜீப்! கண்ணனுக்கு முன்னால் எஸ்.ஐ. வந்து நிற்கிறார்.

"யாருய்யா பொறுப்பு? உடனே நிறுத்து."

தர்மன் தலை குனிந்து நிற்கிறான், அது வேடத்துக்கும் பொருத்தம். பீமன் கதாயுதத்தைக் கீழே வைத்துவிட்டான். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் மட்டும் முன்னால் வந்து கும்பிட்டான். "ஐயா, எங்க அஞ்சு வீரரும் சும்மா நிக்கறப்ப நீங்க ஒருத்தராவது வந்தீங்களே! இந்தச் சேலை மட்டும் முடியட்டும், நிறுத்திடறோம்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"கண்ணன் குடுக்கற சேலைங்க ஐயா. முடியற மாதிரி தெரியல!"

எஸ்.ஐ.யே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே மைக்கைப் பிடுங்கச் சொன்னார். நடுவர் அவர்களே, அன்றைக்குப் பாஞ்சாலியை அம்போ என்று விட்டது கண்ணன் இல்லை, ஆம்ப்ளிஃபயர்!

1876-ல் வெள்ளைக்காரன் நாடகத்துக்குக் கடிவாளம் போட்டான். 1954-ல் நாமே இங்கே ஒரு நாடகச் சட்டம் போட்டோம். எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல்தான் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். சரி, சட்டத்தை விடுங்கள்.

அண்ணன் 'ஒழுங்காக' என்று ஒன்று சொன்னாரே, அதுதான் உறுத்துகிறது. அந்தத் துச்சாதனன் சேலையைத் தொடும் முன் என்ன செய்தார் தெரியுமா? கற்பூரம் ஏற்றச் சொன்னார். மார்புப் பதக்கமும் புஜக்கட்டையும் தரையில் இடிபட, பெண் வேடம் கட்டிய தன் சக கலைஞன் காலில் விழுந்தார். "தாயே, வேசத்துக்காகத் தொடறேன், மன்னிச்சுக்கோ" என்று அழுதார். இவரிடமா ஒழுங்குக்குச் சான்று கேட்கிறோம்?

இந்தக் கலைஞருக்குப் பிழைப்பே மாசியில் தொடங்கி ஆடி வரைக்கும்தான். அனுமதி இல்லை என்றால் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அது ஏற்கெனவே பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குப் போயிருக்கும். ஜமா என்கிற கூத்துக் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவர், முகவீணை ஊதுகிறவர், திரை பிடிக்கிற பையன், எல்லோரும் அன்றைக்கு வெறுங்கையோடு பஸ் ஏற வேண்டும். ரசனை மாறிவிட்டது என்கிறார் அண்ணன். மைக் போன பிறகும் அந்த ஊர்ச் சனம் பாயைச் சுருட்டவில்லை, அண்ணே. கிழவிகள் மேடையை ஒட்டி வந்து உட்கார்ந்துகொண்டு, "நீ வெறும் தொண்டையில பாடுய்யா, நாங்க கேக்கறோம்" என்றார்கள். கலைஞர்களும் விடியும்வரை பாடினார்கள்.

நடுவர் ஐயா, அந்தக் கிழவிகளைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.