வெள்ளைப் பணியாரமும் சுபௌல் தம்பியும்

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையலும் கிடையாது, பழைய வீடு சுற்றிக் காட்டுவதும் கிடையாது. போன வீடியோவில் இங்கே ஒரு பணியாரக் கடையைக் காட்டியிருந்தேன், அங்கே பணியாரம் சுடுவது பீகாரிலிருந்து வந்த ஒரு தம்பி. அந்த வீடியோவுக்குக் கீழே வந்த ஒரு கமெண்டைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "நம்ம ஊர்ப் பலகாரத்தைச் சுட வடக்கிலிருந்துதான் ஆள் வரணுமா, அவங்க ஊர்ல பொழப்பே இல்லையா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார், அதற்கு எக்கச்சக்கமான லைக் வேறு.

அந்தக் கடையைப் பற்றி எனக்கும் ஒரு கோபம் உண்டு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பணியாரம் ஒன்று 15 ரூபாய், சரி, எண்ணெய் விற்கிற விலைக்கு ஒத்துக்கொள்ளலாம். ஆனால் சட்னிக்குத் தனியாக 10 ரூபாய்! வரமிளகாய்ச் சட்னி இல்லாமல் வெள்ளைப் பணியாரத்தை யார் சாப்பிடுவார்கள்? இரண்டாவது கரண்டி கேட்டேன், அதற்கும் 10 ரூபாய். "மிளகாய் என்ன விலை தெரியுமாம்மா" என்றார் கடைக்காரர். தெரியும், நானும்தான் வாங்குகிறேன். இலையில் பணியாரம் வைத்தால் பக்கத்தில் சட்னி வரவேண்டும், அதுதான் செட்டிநாட்டு வழக்கம், இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

ஆனால் பணியாரத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. தலைதட்டி ஒரு படி பச்சரிசி, அதன் மேலேயே கோபுரமாக உளுந்து, அந்த அளவை அப்படியே பிடித்திருக்கிறான் அந்தத் தம்பி. கரண்டி மாவை எண்ணெயில் ஒரே இடத்தில் விடுகிறான், அது உப்பி மேலே வந்ததும் திருப்பிப் போட்டு, சிவக்கும் முன்னே அரித்து எடுத்துவிடுகிறான். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து, நிறம் வெள்ளை. பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டானாம்.

தம்பிக்குச் சொந்த ஊர் பீகாரில் சுபௌல் மாவட்டம், கோசி ஆற்றுப் பக்கம். 2008 ஆகஸ்டில் நேபாள எல்லையில் கரை உடைந்து கோசி தடம் மாறி ஓடியதே, அதில் இவர்கள் வயலெல்லாம் மணல் மூடிவிட்டது. அப்பா வருஷா வருஷம் நடவுக்குப் பஞ்சாப் போகிறவர். பசுமைப் புரட்சிக் காலத்திலிருந்தே அந்தப் பக்கத்து ஆட்கள் அங்கே போய் வருகிறார்கள். அண்ணன் ஊரில் இருந்து, இருக்கிற நிலத்தைப் பார்க்கிறான். இவன் இங்கே. வெள்ளம் வந்து பயிர் போனாலும் மாசம் பிறந்தால் இவன் பணம் போய்ச் சேரும். அதாவது வீடே உட்கார்ந்து பேசி, ஆளுக்கு ஒரு திசையாகப் பிரித்து அனுப்பியிருக்கிறது. கஞ்சிக்கு வழியில்லாதவன்தான் ஊரை விட்டு ஓடிவருகிறான் என்று நினைக்கிறோம். ஒன்றுமே இல்லாதவனால் கிளம்பவே முடியாது மக்களே, டிக்கெட்டுக்குக் காசு வேண்டும், முதல் மாசம் தாக்குப்பிடிக்க வேண்டும், போகிற ஊரில் தெரிந்த முகம் ஒன்று வேண்டும். இவனுக்கு இங்கே ஒரு ஓட்டலில் மாமா பையன் இருந்தான்.

கூலியையும் பாருங்கள். ரிசர்வ் வங்கி போட்ட கணக்கில், 2022-23இல் கிராமப்புறக் கட்டட வேலைக்கு ஒரு நாள் கூலி சராசரியாக மத்தியப் பிரதேசத்தில் 278 ரூபாய், தமிழ்நாட்டில் 500, கேரளாவில் 850க்கும் மேல். வடக்கத்தி ஆட்கள் வருவதற்கு முன்னால் கேரளாவில் மண்வெட்டி பிடித்தது யார்? நம்ம ஆட்கள்தான். 278இலிருந்து 500க்கு ஒருவன் வந்தால் தப்பு, 500இலிருந்து 850க்கு நாம் போனால் பிழைப்பா?

இன்னொன்று, "நம்ம பையன்கள் வேலையைப் பிடுங்குகிறான்" என்கிறீர்கள். கடைக்காரர் உள்ளூரில் ஆள் தேடாத இடமில்லை. நம்ம பையன்கள் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர். பிள்ளைகளும் குறைவு, 2019-21 குடும்பநல ஆய்வில் ஒரு பெண்ணுக்குத் தமிழ்நாட்டில் சராசரி 1.8 குழந்தை, பீகாரில் 3.

செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. இங்கே இருக்கிற தேக்குத் தூண் ஒவ்வொன்றும் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போனவர்கள் அனுப்பியது. எங்கள் ஐயாவின் அப்பா சின்ன வயசிலேயே பர்மாவில், ரங்கூனில் ஒரு கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகச் சேர்ந்து, படிப்படியாக அடுத்தாள் ஆகி, அதற்கும் மேலே மேலாள் ஆனவர். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால்தான் ஊர்முகம். கூட்டிப்போனது ஒரு பங்காளி. அது வெளிநாட்டு வியாபாரம், இது வேறு என்று எழுதாதீர்கள். 1937 வரைக்கும் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு மாகாணம். அன்றைய கணக்குக்கு அவரும் உள்நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்.

அப்புறம், சொல்ல விட்டுப்போயிற்று, ஆண்களை மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவுக்குள் இடம்பெயர்ந்தவர்கள் 45 கோடிக்கு மேல். அதில் பெரும்பகுதி பெண்கள், பெரிய காரணம் கல்யாணம். தேவகோட்டையில் பிறந்து காரைக்குடிக்குக் கட்டிக்கொண்டு வந்த நானும் அந்தக் கணக்கில் ஒருத்தி. எங்கள் தெருவில் மருமகளாக வந்த அத்தனை பேரும் அப்படித்தான். எங்களைப் பார்த்து யாரும் "உன் ஊரில் இடமில்லையா" என்று கேட்டதில்லை.

கடைக்காரர் சட்னிக்குக் காசு வாங்கினாலும், தம்பிக்கு மாடியில் காற்றோட்டமான அறை கொடுத்திருக்கிறார், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. ஒரே அறையில் ஆறேழு பேரைப் போட்டு, தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிற வீடுகள் இங்கேயே இருக்கின்றன. பீகார்க்காரர்கள் சூரியனுக்குச் செய்கிற சாத் பூஜைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது தம்பியோடு இன்னும் மூன்று பேர் வருகிறார்களாம். காரைக்குடியில், தலைக்கு இவ்வளவு என்று கேட்காமல் அறைக்கு மொத்தமாக வாடகை வாங்குகிற, தண்ணீர் வருகிற, தனிக் கழிப்பறை இருக்கிற வீடு யாரிடமாவது இருந்தால் கமெண்டில் ஒரு வார்த்தை போடுங்கள், நானே வந்து பார்த்துப் பேசுகிறேன்.