எச்சரிக்கைக்கும் மூட்டைக்கும் நடுவில்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சின்ன நாடாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். தையல்காரர் கழுத்தில் தொங்குமே, அந்த மாதிரி அளவு நாடாதான். ஆனால் குட்டையானது, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம் பூசியது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, இதைச் சுற்றிப் பார்ப்பார்கள். பன்னிரண்டரை சென்டிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் பச்சை. பதினொன்றரைக்குக் கீழே இறங்கினால் சிவப்பு, அதாவது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. சிவப்பு வந்துவிட்டால் அந்தக் குழந்தைக்குச் சிகிச்சையை நாளைக்கு என்று தள்ளிப்போட முடியாது.

சிகிச்சை என்ன? 92 கிராம் எடையுள்ள ஒரு பொட்டலம். வேர்க்கடலை விழுது, பால்பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள் எல்லாம் சேர்த்து அரைத்தது. 1990-களின் பாதியில் பிரான்சில் உருவாக்கப்பட்டது. ஒரு பொட்டலத்தில் 500 கலோரி. முன்பெல்லாம் இப்படிப்பட்ட குழந்தையை மருத்துவமனையில் சேர்த்து, சுத்தமான தண்ணீரில் பால்பவுடரைக் கரைத்துக் கொடுக்க வேண்டும். சுத்தமான தண்ணீருக்கு எங்கே போவது? இந்தப் பொட்டலத்துக்குத் தண்ணீரும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். ஓரத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தால் குழந்தையே உறிஞ்சிச் சாப்பிடும். சில வாரங்களில் நாடா மஞ்சளுக்கு வரும், அப்புறம் பச்சைக்கு வரும்.

நோய் தெரியும், மருந்தும் தெரியும். பிறகு ஏன் குழந்தைகள் சாகிறார்கள்? சர்வதேச உதவி எப்படி நடக்கிறது என்று யார் கேட்டாலும், நான் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்பேன்.

உதவி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உள்ளே பல விஷயங்கள் இருக்கின்றன. சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் போன்ற நீண்டகால வேலைகளுக்கு உலக வங்கி போன்றவை பணம் தருகின்றன. அதன் கிளையான சர்வதேச வளர்ச்சிச் சங்கம் 1960-இல் தொடங்கப்பட்டது. மிக ஏழை நாடுகளுக்கு மானியமாகவோ, வட்டியே இல்லாமலோ மிகக் குறைந்த வட்டிக்கோ, முப்பது நாற்பது ஆண்டுகளில் திருப்பித் தரும்படியோ கொடுக்கும். ஒரு காலத்தில் அங்கே கடன் வாங்கிய தென் கொரியா இன்று உதவி தரும் நாடுகளின் வரிசையில் இருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

பசி, வெள்ளம், போர் வந்தால் கதை வேறு. உலக உணவுத் திட்டம், யுனிசெஃப் போன்ற ஐ.நா. அமைப்புகள் களத்தில் இறங்குகின்றன. நேயர்கள் பலருக்கும் தெரியாத ஒன்று: இந்த இரண்டுக்கும் நிரந்தர வருமானம் என்று எதுவும் கிடையாது. இவ்வளவு பேருக்கு, இவ்வளவு பணம் வேண்டும் என்று விண்ணப்பம் எழுதி, நாடுகளின் முன்னும் மற்றக் கொடையாளர்களின் முன்னும் வைத்து, அவர்கள் மனமுவந்து கொடுப்பதை வாங்கித்தான் வேலை செய்ய வேண்டும். அதிலும் பெரும்பகுதிப் பணம் இன்ன நாட்டுக்கு, இன்ன வேலைக்கு என்று முன்கூட்டியே எழுதி வரும். பக்கத்து நாட்டில் பசி முற்றினாலும் அதை அங்கே திருப்பிவிட முடியாது. தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தைப் பணக்கார நாடுகள் உதவிக்குத் தர வேண்டும் என்று 1970-இல் ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. நார்வே, லக்ஸம்பர்க் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகள்தான் அதை விடாமல் நிறைவேற்றுகின்றன.

சரி, பணம் எப்போது வருகிறது? எனக்கு ஆறாத இடம் இதுதான்.

பஞ்சம் என்று அறிவிக்க ஒரு கணக்கு உண்டு. ஐந்தில் ஒரு குடும்பம் உணவே கிட்டாத நிலையில் இருக்க வேண்டும். குழந்தைகளில் 30 சதவீதம் பேர் கடுமையாக மெலிந்திருக்க வேண்டும். பத்தாயிரம் பேருக்கு இரண்டு பேர் வீதம் தினமும் செத்துக்கொண்டிருக்க வேண்டும். இதையெல்லாம் அளந்து முடித்த பிறகுதான் அந்தச் சொல்லை உச்சரிப்பார்கள். அப்படியானால் அந்த அறிவிப்பை எச்சரிக்கை என்று எப்படிச் சொல்வது? அது இறப்புக் கணக்கு.

சோமாலியாவில் இதுதான் நடந்தது. மழை பொய்க்கப்போகிறது என்று 2010-லேயே எச்சரிக்கை வந்தது. அந்த ஆண்டின் பின்மழை பொய்த்தது. அடுத்த ஆண்டின் முன்மழையும் கைவிட்டது. 2011 ஜூலை 20 அன்று பஞ்சம் என்று அறிவித்தார்கள். பெரும்பணம் அதற்குப் பிறகுதான் பாய்ந்து வந்தது. சுமார் இரண்டு லட்சத்து அறுபதாயிரம் பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள். பணம் மட்டுமே காரணமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தெற்கே ஆயுதக் குழு பல உதவி அமைப்புகளை உள்ளே விடவில்லை. தங்கள் பணம் அந்தக் குழுவின் கைக்குப் போய்விட்டால் வழக்கு வருமோ என்று அமைப்புகளும் தயங்கின. இருந்தாலும் எச்சரிக்கை வந்து பல மாதங்கள் வீணாய்ப் போனதை என்னால் மறக்க முடியவில்லை.

மூட்டையாக அனுப்பும் உதவியிலும் இந்தத் தாமதம் உண்டு. அமெரிக்கா தன் உணவு உதவியைப் பெரும்பாலும் சொந்த நாட்டு விவசாயிகளிடமே வாங்கி, அதில் குறைந்தது பாதியைத் தன் கொடி பறக்கும் கப்பல்களிலேயே ஏற்ற வேண்டும் என்று சட்டம் வைத்திருந்தது. தானியம் கடல் தாண்டி வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதே பணத்துக்குப் பக்கத்துச் சந்தையிலேயே தானியம் கிடைக்கும் இடங்களில், மக்கள் கையில் பணமாகக் கொடுத்தால் அன்றைக்கே அடுப்பு எரியும்.

இந்த வழக்கம் இப்போது கொஞ்சம் மாறுகிறது. ஐ.நா.வின் மத்திய அவசர நிதி 2006-இல் தொடங்கியது. பேரிடர் வந்த பிறகு தேடி அலையாமல் முன்னமே சேர்த்துவைக்கும் பணம். 2020 ஜூலையில் வங்கதேசத்தின் ஜமுனா ஆற்றில் (பிரம்மபுத்திராவுக்கு அங்கே அதுதான் பெயர்) பெருவெள்ளம் வரப்போகிறது என்று கணிப்பு சொன்னதும், நீர்மட்டம் உச்சம் தொடுவதற்கு முன்பே 52 லட்சம் டாலரை விடுவித்தார்கள். கரையோரக் குடும்பங்களின் கைபேசிக்குப் பணம் வந்தது. அரிசி வாங்கி வைக்கவும், ஆடு மாடுகளை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகவும் கையில் காசு இருந்தது. தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

நன்றி, வணக்கம்.