அம்மன் போகும் வழியில் ஒரு நாள்

அவைத்தலைவர் அவர்களே, வாசகர் வட்ட நண்பர்களே, தாய்மார்களே, வணக்கம்.

குடும்பத்தோடு ஒரே நாளில் ஓர் அரண்மனையையும் ஒரு பெருநகரத்தையும் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று நாகர்கோவிலில் யார் கேட்டாலும், காலையில் பத்மநாபபுரம், மாலையில் திருவனந்தபுரம் என்றுதான் சொல்வேன். திருவிதாங்கூர் அரசு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், மன்னர் தர்மராஜாவின் காலத்தில் தன் தலைநகரைப் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றிக்கொண்டு போன வழியும் அதுவே. சென்ற விடுமுறையில் என் தாயார், மனைவி, பிள்ளைகள் இருவர், நான் என ஐந்து பேர் அப்படிப் போய்வந்தோம். திங்கட்கிழமை கொட்டாரம், அதாவது அரண்மனை, திறப்பதில்லை என்பதால் செவ்வாயன்று கிளம்பினோம்.

தக்கலையில் இறங்கி வேளிமலை அடிவாரத்துக் கோட்டைக்குள் நுழைந்தபோது மணி ஒன்பது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அந்தக் கட்டடத்தை அறிய அதைவிடச் சிறந்த வழி இல்லை என்பேன். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு ஆகியவற்றைச் சேர்த்து இழைத்ததாகச் சொல்லப்படும் கருந்தரை, வெயிலில் நடந்து வந்த உள்ளங்காலில் தண்ணீர் பட்டதுபோல் குளிர்ந்தது. என் மகள் குனிந்து உள்ளங்கையை அதில் வைத்து, எடுத்தபின் பதிந்திருந்த வியர்வைத் தடம் மெல்ல மறைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூலிகை மரங்களால் ஆன கட்டிலையும், பூமுகம் என்னும் முகப்பு மண்டபத்தின் கூரையில் செதுக்கிய பூக்களையும் காட்டி வழிகாட்டி விளக்கிக்கொண்டிருக்க, என் தாயார் மட்டும் ஊட்டுப்புரை என்னும் உணவுக்கூடத்தை விட்டு வர மறுத்தார். இரண்டு தளங்களாக நீளும் அந்தக் கூடத்தில் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் அமர்ந்து உண்டார்கள் என்று கேட்டதும், இத்தனை இலைக்கும் சோறு வடிக்க எத்தனை பேர் நின்றிருப்பார்கள் என்றுதான் அவர் கணக்குப் போட்டார். ஓரத்தில் நின்ற ஊறுகாய்ப் பரணி ஒன்று என் மகனின் தோள்வரை இருந்தது. மன்னர் வாழ்ந்த இடத்தில் சமைத்தவர்களை நினைத்துப் பார்க்கும் கண் அவருக்கு இருந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபின்னும், கொட்டாரம் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பிலேயே இருந்துவருகிறது. மரத்தால் ஆன இவ்வளவு பெரிய கட்டடத்தை, மழை ஓயாத இந்த ஊரில், செல்லரிக்காமல் காத்துவரும் பணியாளர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

உச்சி வெயிலில் பேருந்தேறி, களியக்காவிளையும் நெய்யாற்றின்கரையும் தாண்டிக் கிழக்கேகோட்டையில் இறங்கினோம். நகரத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிட ஆசைப்படக் கூடாது. 1880இல் கட்டி முடித்த நேப்பியர் அருங்காட்சியகத்தையும் அதன் அருகிலுள்ள மிருகக்காட்சிசாலையையும் இன்னொரு நாளுக்கு ஒதுக்கிவிட்டு, பத்மநாபசுவாமி கோயிலின் பக்கத்திலேயே நின்றோம். மன்னர் சுவாதித் திருநாள் கட்டிய குதிரைமாளிகை அரண்மனையின் கூரை இறவாணத்தடியில் வரிசையாகச் செதுக்கிய மரக்குதிரைகளை என் மகன் எண்ணத் தொடங்கினான். 122 என்று சொல்லிக்கொடுத்தும் கேளாமல் இருமுறை எண்ணினான். காலையில் பார்த்த அதே ஓட்டுக்கூரை, அதே தேக்கு, அதே மங்கிய ஒளி; வெளியே வந்தால் சாலை என்னும் கடைத்தெருவின் வியாபார இரைச்சல். தலைநகர் இடம்பெயர்ந்தபோது தச்சர்களின் கைப்பழக்கமும் கூடவே வந்துவிட்டதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

கூட வந்தது அது மட்டுமன்று. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு, பத்மநாபபுரம் தேவாரக்கட்டுக் கோயிலின் சரஸ்வதி அம்மன் யானைமேலும், வேளிமலை முருகனான குமாரசுவாமியும் சுசீந்திரத்து அம்மனான முன்னுதித்த நங்கையும் பல்லக்கிலுமாக இதே சாலையில் திருவனந்தபுரம் போகிறார்கள். புறப்படுமுன் மன்னரின் உடைவாள் கொட்டாரத்தின் உப்பிரிகை மாளிகையிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகிறது. அரசும் மன்னரும் போய்விட்ட பிறகும், பழைய தலைநகரையும் புதிய தலைநகரையும் இந்த ஊர்வலம் இன்றும் பிணைத்து வைத்திருக்கிறது.

இரவு திரும்பும்போது பேருந்து குழித்துறைப் பாலத்தில் ஏறியது. அரைத்தூக்கத்தில் இருந்த பேத்தியைத் தட்டி, "மக்களே, அம்மன் முதல் ராத்திரி தங்குறது இங்கதான்" என்றார் என் தாயார். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே பார்த்து, "நாம மத்தியானம் தாண்டினோமே ஆச்சி, அதுவா?" என்று கேட்டாள். "அதேதான்" என்று சொல்லி, குளிர்காற்று படாமல் அவள் தலையில் முந்தானையை இழுத்துப் போர்த்தினார்.

நன்றி, வணக்கம்.