பொங்கல் வாழ்த்து எத்தனை வந்தது?

புதுச்சேரி, கடலூர் நேயர்களுக்கு வணக்கம்.

வேகமாகப் போகிறவருக்கு நேரம் மெதுவாக ஓடும் என்று சொல்லும் ஐன்ஸ்டீனின் சிறப்புச் சார்பியல் பற்றி எங்கே பேசப் போனாலும் ஒரு கேள்வி எனக்காகக் காத்திருக்கும். இரட்டையரில் ஒருவன் ராக்கெட்டில் போய்வந்தால் அவனுக்கு வயது குறைவாக ஏறும் என்கிறீர்கள். சரி. ஆனால் ராக்கெட்டில் இருப்பவன் பார்வையில் பூமிதானே ஓடுகிறது? அப்படியானால் வீட்டில் இருப்பவனுக்கல்லவா வயது குறைய வேண்டும்?

'திரும்பும்போது முடுக்கம் (வேகமோ திசையோ மாறுவது) வருகிறது, அதனால்தான்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. எண்ணிப் பார்த்துவிடலாம்.

கடலூர் முதுநகரில் முத்து, மணி என்று இரட்டையர். முத்து பத்து நிமிடம் மூத்தவன், அதனால் மணிக்கு அவன் அண்ணன். முத்து நொடிக்கு 1,80,000 கிலோமீட்டரில், அதாவது ஒளியின் வேகத்தில் 60 சதவீதத்தில், 3 ஒளியாண்டு தூரம், அதாவது ஒளி 3 ஆண்டில் கடக்கும் தூரம், போய் உடனே திரும்புகிறான். மணியின் காலண்டரில் போக 5 ஆண்டு, வர 5 ஆண்டு. அவரவர் கடிகாரத்தில் ஒவ்வோர் ஆண்டு முடிந்ததும் ரேடியோவில் ஒரு பொங்கல் வாழ்த்து அனுப்ப வேண்டும் என்பது ஒப்பந்தம்.

திருப்பாதிரிப்புலியூரில் நிற்காமல் போகும் ரயிலின் ஹாரன் நம்மைத் தாண்டியதும் சுருதி இறங்குமே, அதே போல விலகும்போது வாழ்த்துகள் இடைவெளி விட்டு வரும். இந்த வேகத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டு ஆண்டுக்கு ஒன்று. நெருங்கும்போது ஆண்டுக்கு இரண்டு. இதுவரை இருவருக்கும் ஒரே விதிதான், பாரபட்சமே இல்லை.

இனிதான் விஷயம். முத்து திரும்பிய நொடியிலிருந்தே அவனுக்கு வாழ்த்துகள் நெருக்கமாக வரத் தொடங்கும். மணிக்கோ, ரேடியோ அலையும் ஒளியின் வேகத்தில்தான் வரும் என்பதால், அண்ணன் திரும்பிய சேதி வரவே 3 ஆண்டு பிடிக்கும். ஆக 5-ம் 3-ம் 8 ஆண்டுகள் மணிக்கு மந்தமாகவே வரும்: 4 வாழ்த்து. மிச்சம் இரண்டே ஆண்டில் இன்னும் 4. மொத்தம் 8. ஆண்டுக்கு ஒன்றுதானே அனுப்பினான்? அப்படியென்றால் முத்துவுக்கு ஓடியது 8 ஆண்டுதான். முத்து பக்கமும் பாருங்கள்: அவன் கடிகாரத்தில் அந்த 8-ல் பாதி, போகும் 4 ஆண்டில் 2, வரும் 4 ஆண்டில் 8, ஆக 10. தம்பிக்கு 10 ஆண்டு ஓடிவிட்டது என்று அவனே எண்ணிவிட்டான். தகராறே இல்லை. இனி யார் யாரை அண்ணன் என்று கூப்பிடுவது என்பது வேண்டுமானால் வீட்டுப் பஞ்சாயத்து.

இதெல்லாம் காகிதக் கணக்கு இல்லை. மியூவான் என்ற நுண்துகள் சும்மா இருந்தால் சராசரியாக ஒரு நொடியின் 10 லட்சத்தில் 2.2 பங்கு நேரம்தான் உயிரோடிருக்கும். 1970-களில் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் அவற்றை ஒரு வளையத்துக்குள் ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடவிட்டார்கள். புறப்பட்ட இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்த அந்தக் குட்டி முத்துகள் சுமார் 29 மடங்கு அதிக நேரம் வாழ்ந்தன. வளைந்து ஓடியதால் அவற்றுக்கு இருந்த முடுக்கம் பயங்கரமானது. ஆனால் 29 என்ற எண்ணுக்கு வேகம் ஒன்றே போதுமானதாக இருந்தது.