சாவி யாரிடம் இருக்கிறது?

(மலேசியாவின் பேராக் மாநிலத் தோட்டப்புறப் பட்டணம் ஒன்றில், மூத்த குடிமக்கள் சங்க ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் டத்தோ அவர்களே, வர முடியாத சட்டமன்ற உறுப்பினரின் சார்பில் வந்து அவருக்கும் சேர்த்து இரண்டு மாலை வாங்கிக்கொண்ட தம்பி அவர்களே, ஆலயத் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, பின்கட்டில் காலையிலிருந்து சமைத்துக்கொண்டிருக்கும் மகளிர் பிரிவுச் சகோதரிகளே, இந்த மண்டபத்தைக் கண்ணின் மணிபோல் காத்துவரும் செயலாளர் அண்ணன் அவர்களே, அனைவருக்கும் வணக்கம். செயலாளர் அண்ணனிடம் பிறகு வருகிறேன். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். போன ஆண்டு ஒருவரை விட்டுவிட்டேன். அவர் இன்றுவரை என் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. நான்காவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். வணக்கம் ஐயா.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘முதுமையில் உடல்நலம்’. அதை ஒரே பழமொழிக்குள் அடக்கிக்கொண்டேன். ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது. சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் எங்கள் பாட்டி ‘முடியாது’ என்று சொன்னதே இல்லை. ‘அடக்கக் கூடாது’ என்றுதான் சொல்வார். முடியாது என்றால் அது நம் புலம்பல். கூடாது என்றால் வைத்தியம். பாட்டி பாடம்தான் சரியான பாடம் என்று முப்பது ஆண்டுகளாக வாதாடி வருகிறேன்.

மூன்று செய்தி சொல்கிறேன். சொல், உடம்பு, சட்டம்.

முதலில் சொல். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் இதை விட முடியாது. நன்னூலில் பவணந்தி முனிவர் தகுதி வழக்கு மூன்று என்கிறார். அதில் ஒன்று இடக்கரடக்கல். நாலு பேர் நடுவே சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது. அதற்கு இலக்கண வகுப்பில் கொடுக்கிற உதாரணமே ‘கால் கழுவி வந்தேன்’ என்பதுதான். நம் தோட்டத்தில் ஒதுங்கிட்டு வரேன், வெளிக்குப் போறேன், கொல்லைக்குப் போறேன் என்று எத்தனை சொல்! சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. போவதற்குத்தான் இடமில்லை.

தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, நம் லயத்துக்குப் பின்னால் வாளிக் கக்கூஸ் வரிசை இருந்ததே, இங்கே எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? கை தூக்குங்கள். டத்தோ அவர்களும் தூக்குகிறார், மகிழ்ச்சி. எங்கள் வரிசையில் ஒரு கதவுக்கும் கொண்டி கிடையாது. காலடிச் சத்தம் கேட்டால் உள்ளே இருப்பவர் செருமுவார். செருமல்தான் பூட்டு. யார் செருமுகிறார்கள் என்பது வரை தெரியும். கணக்கெழுதும் கிராணி செருமல் வேறு, வேலை வாங்கும் மண்டோர் செருமல் வேறு. இருட்டிவிட்டால் பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போவார்கள், ஒருத்தி கையில் மண்ணெண்ணெய் விளக்கு. துணைக்கு ஆள் கிடைக்காத பெண்கள் விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடந்தார்கள். பாட்டி ‘கூடாது’ என்று சொன்னது அவர்களைப் பார்த்துத்தான்.

இரண்டாவது, உடம்பு. வெளியில் போனால் வெட்கம் மட்டுமா? கொக்கிப்புழு! மலம் விழுந்த ஈர மண்ணில் முட்டை பொரிந்து, வெறுங்காலோடு மிதிப்பவரின் தோல் வழியாக உள்ளே ஏறி, குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். நம் தாத்தா பாட்டிகள் வெறுங்காலோடு ரப்பர் பால் வெட்டப் போனவர்கள். 1915-க்கும் 1917-க்கும் இடையில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ஆய்வுக்குழு ஒன்று இந்தப் புழுவைப் பற்றி ஆராய மலாயாவுக்கே வந்திருக்கிறது. சோகை பிடித்து வெளுத்துப்போய்க் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வர முடியாமல் படுத்தவனைச் சோம்பேறி என்று திட்டினார்கள். சோம்பலாம்! உடம்பில் இரத்தம் இருந்தால்தானே எழுந்து வருவான்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. வீட்டுக்காரம்மா மூன்றாவது வரிசையிலிருந்து வேண்டாம் என்று தலையாட்டுகிறார். நான் பார்க்கவில்லை.

1979. பெண் பார்க்கப் போகிறோம், தெலுக் இந்தானுக்கு. அப்போது அதற்குத் தெலுக் ஆன்சன் என்று பேர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை கிடையாது; தாப்பாவில் நிறுத்தி ஒதுங்கிவிட்டுப் போகிற வசதியெல்லாம் 1990-களில் வந்தது. பீடோரில் பஸ் ஏறினோம். அப்பா, அம்மா, பெரியப்பா, இரண்டு தட்டுப் பழம், நான். முதல்நாள் ராத்திரி டுரியான். காலையில் வெறும் வயிற்றில் ஐஸ் கோப்பி. பஸ் கொஞ்ச தூரம் போவதற்குள் அந்த ஊர்ச் சாய்ந்த கோபுரம் மாதிரி நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அப்பா கண்டக்டர் காதில் இரகசியமாகச் சொன்னார். கண்டக்டர் பஸ் முழுக்கக் கேட்கும்படி, “மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லையாம், ஓரம் கட்டுப்பா!”

இறங்கி ஓடினேன். ரப்பர் காடு. நாலு நிரை தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தேன். அந்தக் காலத்துப் பெல்பாட்டம், அதைச் சுருட்டிப் பிடிப்பதற்கே இரண்டு கை வேண்டும். சைக்கிள் சத்தம் கேட்டது. தோட்டத்துக் காவலாளி, ஜாகா! அந்த வாரம் ஒட்டுப்பால், அதாவது மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் உறைந்த பால், மங்கோடு திருட்டுப் போயிருக்கிறது. மனிதர் கையில் தடியோடு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

“யாருடா அது? எழுந்திருடா!”

“ஐயா, எழுந்திருக்க முடியாது ஐயா.”

“மங்கெல்லாம் எங்கடா ஒளிச்சு வச்சிருக்க?”

“மங்கு இல்லைங்க ஐயா. டுரியான்.”

அவர் கிட்டே வந்தார். மூக்கு உண்மையைச் சொல்லிவிட்டது. ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். தொலைந்தது, ஆள் கூட்டி வரப் போகிறார் என்று நினைத்தேன். சைக்கிளில் தொங்கிய குடிதண்ணீர்ப் போத்தலை எடுத்து வந்து, எனக்கு முதுகைக் காட்டியபடி பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து வந்து, தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் நாள் முழுக்கக் குடிக்க வைத்திருந்த தண்ணீர்.

பெண் வீட்டில் பஜ்ஜி வந்தது. நான் தொடவில்லை. பெண் வந்தார், கோப்பி கொடுத்தார். எல்லாம் நன்றாக நடக்கிறது. அப்போது வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. “தாய்மாமன் வேலை முடிஞ்சு வந்துட்டார்” என்கிறார்கள். பார்த்தால், அவரேதான்! என் கையிலிருந்த கோப்பை ஆடுகிறது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அக்காவிடம் சொன்னார்: “இந்தத் தம்பிய எனக்குத் தெரியும்க்கா. நல்ல பையன். கேட்ட கேள்விக்கு உட்கார்ந்த இடத்துலயே உண்மையச் சொல்லுவான்.”

அந்த ஒரு வார்த்தையில் கல்யாணம் முடிந்தது. மாமா இப்போது இல்லை. ஆத்திரப்படும்போதெல்லாம் அவர் முதுகுதான் என் கண்முன் வரும். ஆத்திரத்தை அடக்கினாலும், அதற்கு மேல் உங்களுக்கே தெரியும்.

சரி, செயலாளர் அண்ணனிடம் வருகிறேன். இந்த மண்டபத்துக்குப் பின்னால் ஆறு கழிப்பறை இருக்கிறது. பெண்களுக்கு மூன்று, ஆண்களுக்கு மூன்று. நல்ல பளிங்குத் தரை, பீங்கான், குழாய். எல்லாம் பூட்டு. கல்யாணத்துக்கு வாடகை கொடுத்தால் திறக்கும். கேட்டால், திறந்துவிட்டால் அசிங்கப்படுத்துகிறார்கள் என்கிறார். உண்மைதான், அண்ணனே வாளியும் கையுமாக நின்று கழுவியதை நான் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு கதை சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை பூசைக்கு வருகிற ஓர் அம்மா, வயது எழுபதுக்கு மேல், இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய் உள்ளவர். பகல் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்கிறார். ஏன்? கோயிலில் உட்கார்ந்திருக்கும்போது வந்துவிட்டால் எங்கே போவது? நீர்க்கடுப்பு வந்து மருத்துவமனையில் படுத்திருந்தார். இரவுச் சந்தைக்கு வருகிற பெண்கள் பெட்ரோல் போடும் எண்ணெய்க் கடையில் போய் நிற்கிறார்கள்; அங்கே கழிப்பறைக் கதவில் ‘ரோசாக்’, பழுது என்று காகிதம். அந்தக் காகிதமே நைந்துபோய்விட்டது.

நவம்பர் 19 உலகக் கழிப்பறை நாள். 2013-இல் ஐக்கிய நாட்டுச் சபை அறிவித்தது. அதைத் தொடங்கிவைத்த ஜேக் சிம் பக்கத்துச் சிங்கப்பூர்க்காரர். உலகம் இதைக் கூச்சப்படாமல் பேசுகிறது. நாம் இடக்கரடக்கிக்கொண்டே ஆறு கழிப்பறையைப் பூட்டி வைத்திருக்கிறோம்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. காலை ஆறு முதல் இரவு பத்து வரை கதவு திறந்திருக்க வேண்டும். கழுவ ஓர் ஆள், அவருக்கு முறையான சம்பளம், கையுறை. பஸ் நிலையத்தில் முப்பது காசு கொடுத்துப் போகிறோமே, இங்கே ஒரு டின் வைத்தால் போட மாட்டோமா? நோட்டு ஒன்று சுற்றி வருகிறது. மாதம் ஐந்து வெள்ளி என்று எழுதுங்கள். டத்தோ அவர்கள் முதல் வரியில் எழுதியிருக்கிறார். எவ்வளவு என்று அவரே சொன்னால்தான் அழகு.

மூன்றாவது, சட்டம். 1990-இல் தோட்டத் தொழிலாளர் வீட்டு வசதிக்கென்று 446-ஆம் சட்டம் வந்தது. அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். தலைமையாசிரியை மணியடித்துவிட்டார். பின்கட்டில் சாம்பாரும் கொதித்துவிட்டது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மண்டபத்தின் பின்புறம் கோத்தோங் ரோயோங், எல்லோரும் கூடிச் சுத்தம் செய்கிறோம். துடைப்பம், வாளி கொண்டு வாருங்கள், பசியாறை உண்டு. செயலாளர் அண்ணன் மட்டும் துடைப்பம் கொண்டுவர வேண்டாம். சாவியைக் கொண்டுவந்தால் போதும்.