உருளையால் பூசினால் ஓவியமாகிவிடுமா?

அரூப ஓவியர் வாசுதேவ் காய்தோண்டேயைப் பற்றிய சென்ற காணொளியைப் பார்த்த நேயர் ஒருவர், "உருளையால் வண்ணம் பூசினார் என்கிறீர்கள்; சுவருக்கு வண்ணம் அடிப்பவருக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு? ஆண்டுக்கு ஐந்தாறு படங்கள்தாம் என்றால் மீதி நாட்களில் என்ன செய்தார்?" என்று கேட்டிருக்கிறார். கேட்க வேண்டிய கேள்விதான்.

1924-இல் நாக்பூரில் பிறந்து, மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியில் 1948-இல் பட்டயம் பெற்றவருக்கு உருவம் வரையத் தெரியாமல் இல்லை. தொடக்ககாலப் படங்களில் மனித உருவங்களும் ஐரோப்பிய நவீன ஓவியர் பால் கிளேயை நினைவூட்டும் கோடுகளும் உண்டு. பிறகு அவற்றைக் கைவிட்டார்.

சுவரில் உருளை ஓட்டுபவர் பரப்பு முழுவதும் ஒரே சீராக வர வேண்டும் என்று பார்ப்பார். காய்தோண்டேயோ மெல்லிய எண்ணெய் வண்ணத்தை உருளையால் பரப்பி, அதன்மேல் இன்னொரு படலம் ஏற்றி, வண்ணக்கத்தியால் அங்கங்கே சுரண்டி, அடியிலிருக்கும் நிறம் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை இடத்துக்கு இடம் முடிவு செய்தார். பிற்காலத்தில், கிழித்த செய்தித்தாள், பத்திரிகைத் துண்டுகளைக் கொண்டு வண்ணத்தை ஒற்றியெடுக்கும் முறையையும் கையாண்டார். அவருடைய படங்களில் எழுத்துப்போலத் தோன்றி எந்த மொழியிலும் சேராத அடையாளங்கள் பல அப்படி வந்தவை. வண்ணம் சற்றுக் கூடுதலாகக் காய்ந்துவிட்டால் கத்திக்கு வராது, ஈரம் மிகுந்திருந்தால் அடிப்படலமும் கலங்கிவிடும். ஆகவே, எப்போது கை வைப்பது, எப்போது விடுவது என்பதில்தான் அவருடைய திறமை முழுவதும் இருக்கிறது என்பேன்.

இதிலேயே இரண்டாவது கேள்விக்கும் விடை வந்துவிடுகிறது. ஜென் பௌத்தத்திலும் திருவண்ணாமலை ரமண மகரிஷியின் உபதேசங்களிலும் ஈடுபாடு கொண்டிருந்த அவர், 1972-இல் தில்லிக்குக் குடிபெயர்ந்து, நிஜாமுதீன் பகுதியில் ஒரு சிறிய குடியிருப்பில் பெரும்பாலும் தனிமையில் வாழ்ந்தார். ஓவியம் தீட்டும் திரைச்சீலையைத் தொடுவதற்கு முன் நெடுநேரம் யோசிப்பதையும் வேலையாகவே கருதினார். 1995-இல் அவர் வரைந்த படம் ஒன்று 2015-இல் மும்பை ஏலத்தில் 29 கோடி ரூபாய்க்கு மேல் விலைபோனதைச் சிலர் பதிலாகச் சொல்வார்கள். விலை எதையும் விளக்குவதில்லை.

உருளை வேலை உடலை எவ்வளவு கேட்கும் என்பதற்கு அவர் வாழ்க்கையிலேயே சான்று உண்டு. 1984-இல் நேர்ந்த விபத்துக்குப் பிறகு பெரிய திரைச்சீலைகளில் வேலை செய்ய இயலாமல், சில ஆண்டுகள் காகிதத்தில் மையால் சிறிய கோட்டோவியங்களையே வரைந்தார். அவற்றைப் பார்த்தால், உருளையும் படலங்களும் இல்லாத இடத்திலும் அதே எழுத்தற்ற எழுத்துகள் இருப்பதை நீங்கள் காணலாம்.