அண்டை வீட்டுக் கோழிக்கூடு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இன்று காலை சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் கோழி வாங்கியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அந்தக் கோழி எங்கிருந்து வந்தது? ஜொகூரில் உயிரோடு லாரி ஏறி, எல்லை கடந்து, சோதனைச் சாவடியில் பரிசோதிக்கப்பட்டு, இங்குள்ள அறுப்புக்கூடம் வழியாக உங்கள் பைக்கு வந்திருக்கலாம். இல்லையென்றால் பிரேசிலிலிருந்து உறைய வைக்கப்பட்டுக் கப்பலில் வந்திருக்கலாம். சிங்கப்பூரில் முட்டைப் பண்ணைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன. நாம் உண்ணும் கறிக்கோழி வேறு நாடுகளில் வளர்கிறது. நம் கோழிக்கூடு அண்டை வீட்டில் இருக்கிறது. பறவைக் காய்ச்சலைப் பற்றி நான் சொல்ல வந்ததெல்லாம் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 கிருமி மனிதரைத் தாக்கியதை உலகம் முதன்முதலில் கண்டது 1997இல், ஹாங்காங்கில். 18 பேருக்குத் தொற்றியது, 6 பேர் இறந்தார்கள். அங்கே சந்தைகளிலேயே கோழிகளை உயிரோடு அடுக்கி வைத்து விற்பார்கள். ஆண்டு முடிவதற்குள், சில நாள்களில், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளை அழித்தார்கள். அந்தத் துணிச்சல் அன்று பலரைக் காப்பாற்றியது என்றே நான் நம்புகிறேன். ஆனால் கிருமி அழியவில்லை. 2003 இறுதியிலிருந்து அது வியட்நாம், தாய்லாந்து, கம்போடியா, இந்தோனேசியா என்று பரவியது. அன்று முதல் இன்று வரை உலகச் சுகாதார அமைப்பின் கணக்கில் 900க்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்றியிருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் உயிர் பிழைக்கவில்லை. இந்தக் கிருமி நுரையீரலின் ஆழத்தில் பற்றிக்கொள்ளும் அளவுக்கு மூக்கிலும் தொண்டையிலும் பற்றிக்கொள்வதில்லை. அதனால்தான் இத்தனை கொடியதாக இருந்தும் ஒருவர் தும்மலிலிருந்து இன்னொருவருக்கு அது எளிதில் தாவுவதில்லை. இடையில் நிற்கும் முக்கியத் தடுப்பு அது. கிருமியில் ஏற்படும் சில மாற்றங்களே அதைத் தகர்க்கப் போதும்.

சிங்கப்பூர் அப்போதுதான் சார்ஸ் என்ற கடும் சுவாச நோயிலிருந்து மீண்டிருந்தது. 2003இல் 238 பேருக்கு அந்த நோய் வந்தது, 33 பேர் இறந்தார்கள். சார்ஸ் நோயாளிகளைக் கவனித்த டான் டோக் செங் மருத்துவமனையின் தாதியர் வீட்டுக்குப் போகவே அஞ்சிய நாள்கள் அவை. அந்தக் காயம் ஆறும் முன்பே, 2004 ஆகஸ்ட்டில் மலேசியாவின் கிளந்தானில் பறவைக் காய்ச்சல் தென்பட்டது. மலேசியக் கோழிக்கும் முட்டைக்கும் சிங்கப்பூர் உடனே தடை விதித்தது. கோழிச்சோற்றுக் கடைக்காரர்கள் உறைந்த கோழியை வைத்துக்கொண்டு தவித்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தவிப்பிலிருந்து பிறந்த பாடம் ஒன்று உண்டு. நோய் கண்டால் ஒரு நாட்டையே மூடுவதற்குப் பதில், நோயுள்ள வட்டாரத்தை மட்டும் மூடலாம். அதற்கு அந்த நாட்டின் கால்நடை மருத்துவர்கள் சொல்வதை நாம் நம்பவேண்டும். நம்பவேண்டுமானால் அவர்களை ஆண்டு முழுவதும் அறிந்திருக்கவேண்டும். இன்றைய ஏற்பாடு அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

உள்நாட்டில் செய்தவை பல. உபின் தீவில் மக்கள் வீட்டோரம் வளர்த்த கோழிகள்கூட 2005இல் அகற்றப்பட்டன. அது சரியான முடிவுதான். ஆனாலும் கம்பத்து (சிற்றூர்) வாழ்க்கையின் கடைசிச் சேவல் குரல் அத்தோடு அடங்கியதே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. 2006இல் சுகாதார அமைச்சு ஸ்பாரோஹாக் என்ற பெயரில் மருத்துவமனைகளை ஈடுபடுத்திப் பெரிய ஒத்திகை நடத்தியது. நோய் நிலவரத்தை நிறங்களால் அறிவிக்கும் முறை வகுக்கப்பட்டது. கோவிட் காலத்தில் நீங்கள் கேட்ட ஆரஞ்சு எச்சரிக்கை அந்த முறையில் வந்ததுதான். டாமிஃபுளூ என்ற கிருமி எதிர்ப்பு மாத்திரைகள் சேமிக்கப்பட்டன. நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் உட்கொண்டால்தான் அந்த மாத்திரைக்கு முழுப் பலன் கிடைக்கும். அவ்வளவு குறுகிய நேரத்தில் கைக்கு எட்ட வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கவேண்டும்.

தடுப்பூசியிலோ ஒரு விசித்திரமான சிக்கல் இருக்கிறது. சளிக்காய்ச்சல் (ஃபுளூ) தடுப்பூசியில் பெரும்பகுதி இன்றும் கோழி முட்டையில்தான் வளர்க்கப்படுகிறது. எச்5என்1 அந்த முட்டைக்குள் இருக்கும் கருவையே கொன்றுவிடும். ஆகவே கிருமியின் மரபணுவில் கொடிய பகுதியை நீக்கிவிட்டுத்தான் அதை முட்டையில் வளர்க்கிறார்கள். ஆனால் கோழிகளே கூட்டம் கூட்டமாக மடியும் காலத்தில் முட்டைக்கு எங்கே போவது?

இப்போது தாங்கராங்கிற்கு வருகிறேன். ஜக்கார்த்தாவை ஒட்டியிருக்கும் பகுதி அது. 2005இல் இந்தோனேசியாவில் உறுதிசெய்யப்பட்ட முதல் மனிதத் தொற்று அங்கே ஒரு குடும்பத்தில்தான். தந்தையும் இரு மகள்களும் இறந்தார்கள். ஜக்கார்த்தாவின் அனைத்துலக விமான நிலையமான சுகர்னோ-ஹத்தாவும் தாங்கராங்கில்தான் இருக்கிறது. அங்கிருந்து சாங்கிக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. சிங்கப்பூர் அன்று செய்தது அறிவார்ந்த செயல். இந்தோனேசியாவோடும் அமெரிக்காவோடும் சேர்ந்து, 2006இல் தாங்கராங்கிலேயே ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. நோய் கண்காணிப்பு, அலுவலர் பயிற்சி, சிற்றூர் மக்களுக்கு விழிப்புணர்வு என்று அது விரிந்தது. அதே காலத்தில் ஜப்பானின் நிதியில் ஆசியான் நாடுகளுக்காக 5 இலட்சம் பேருக்கான டாமிஃபுளூ மாத்திரைகள் சிங்கப்பூரில் சேமித்து வைக்கப்பட்டன. எந்த உறுப்பு நாட்டில் நோய் வெடித்தாலும் இங்கிருந்து அனுப்பலாம் என்பது திட்டம்.

ஆனால் ஒத்துழைப்பு என்ற சொல்லுக்குள் ஒரு முள் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமி மாதிரிகளை இந்தோனேசியா உலகச் சுகாதார அமைப்பின் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிவந்தது. அந்தக் கிருமியை வைத்து ஒரு வெளிநாட்டு நிறுவனம் தடுப்பூசி தயாரிக்கிறது என்று 2006இன் இறுதியில் தெரியவந்தது. அந்த மருந்து சந்தைக்கு வந்தால், நோயால் மாண்டுகொண்டிருந்த இந்தோனேசியர்களுக்கு அதை வாங்கும் வசதி இருக்காது. அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் சித்தி ஃபாடிலா சுபாரி மாதிரி அனுப்புவதை நிறுத்தினார். பலர் அவரைக் கடிந்துகொண்டார்கள்.

மாதிரிகளை நிறுத்தியது ஆபத்தான செயல் என்றே நான் கருதுகிறேன். கிருமி உருமாறுகிறதா என்று பார்க்கும் கண்ணை அது மறைத்தது. ஆனால் அவருடைய மனக்குறை நியாயமானது. விதை எங்கள் வயலிலிருந்து போகவேண்டும், விளைச்சல் மட்டும் எங்கள் கைக்கு எட்டாத விலையில் இருக்கவேண்டும் என்றால் எந்த உழவன் ஒப்புவான்? இந்தோனேசியாவில் எச்5என்1 தாக்கி இறந்தவர்கள் 168 பேர். அந்தக் குடும்பங்களின் பக்கம் நின்று பார்த்தால் அமைச்சரின் கோபம் புரியும்.

அந்தப் பிணக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2011 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை ஓர் ஏற்பாட்டை ஏற்றது. பெருந்தொற்றாகக்கூடிய சளிக்காய்ச்சல் கிருமிகளை நாடுகள் பகிரும்; அவற்றால் பயன்பெறும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் நிதி தரும்; பெருந்தொற்று வந்தால் தயாரிப்பில் ஒரு பங்கை உலகச் சுகாதார அமைப்பின் வழியாகத் தர ஒப்பந்தம் செய்யும். சளிக்காய்ச்சல் கிருமி அளவில் இது பெரிய வெற்றி. ஆனால் மற்றக் கிருமிகளுக்கு இது பொருந்தாது. கோவிட் தடுப்பூசி எந்தெந்த நாடுகளுக்கு முதலில் போனது என்பதை நாமெல்லோரும் பார்த்தோம். 2025 மே மாதம் பெருந்தொற்று ஒப்பந்தம் ஏற்கப்பட்டபோதும் இதே பகிர்வுப் பகுதி பின்னிணைப்பாகத் தள்ளிவைக்கப்பட்டது. சண்டை முழுவதும் அந்தப் பின்னிணைப்பில்தான்.

இதற்கிடையில் கிருமி காத்திருக்கவில்லை. 2024இல் அமெரிக்காவில் கறவை மாடுகளிடம் அது கண்டறியப்பட்டது. கம்போடியச் சிற்றூர்களில் பிள்ளைகள் அவ்வப்போது பலியாகிறார்கள். சிங்கப்பூரின் சுங்கை பூலோ ஈரநிலத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் வாக்கில் சைபீரியாவிலிருந்து, கிருமியைச் சுமந்து வரக்கூடிய கரையோரப் பறவைகள் வருகின்றன. அவை வருவது எனக்கு மகிழ்ச்சியே. அவற்றைப் பரிசோதிப்பவர்கள் தங்கள் வேலையைச் செய்கிறார்கள்.

எனக்குப் பெரிய கவலை பறவைகளைப் பற்றியது அல்ல, அண்டை நாட்டுச் சிற்றூரில், கொல்லையில் பத்துக் கோழி வளர்க்கும் பெண்ணைப் பற்றியது. இரண்டு கோழி திடீரென்று செத்தால் அவர் என்ன செய்வார்? சொன்னால் மீதி எட்டையும் கொன்றுவிடுவார்கள். இழப்பீடு வரும் என்ற உறுதி இல்லை. வந்தாலும் சந்தை விலைக்குப் பாதிகூடத் தேறாத இடங்கள் உண்டு. ஆகவே இருட்டுவதற்குள் எட்டையும் விற்றுவிடுவார். அந்தக் கோழிகள் சந்தைக்குப் போகும், கிருமியும் கூடவே போகும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த எட்டுக் கோழிக்கு முழு விலையை மறுநாளே கையில் கொடுக்கும் ஒரு வட்டார நிதியைச் சிங்கப்பூர் முன்னின்று அமைக்கவேண்டும். நம் கிடங்குகளில் அடுக்கி வைத்திருக்கும் மாத்திரைகளுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிய தொகையாக இருக்காது. உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்திக்கும்போது இதைக் கேளுங்கள் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன்.

நன்றி. கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.